கோட்டை வாசலில் கல்யாண போட்டோ; கொல்லைப்புறத்தில் கடல் திருட்டு!

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருகே ஒரு கார் வந்து நிற்கிறது. பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் இறங்குகிறார். அடுத்து கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை. அவர்களுக்குப் பின்னால் காமிரா, வெள்ளைக் குடை, பளபளக்கும் தகடு என்று மூட்டை முடிச்சோடு நாலு பேர்.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் போட்டோ இப்போதே எடுத்தாக வேண்டும். அதுதான் இந்தக் காலத்து வழக்கம்.

"அக்கா, முகத்தை லேசா கடல் பக்கம் திருப்புங்க. சார், நீங்க அக்காவைப் பாருங்க. காமிராவைப் பார்க்காதீங்க. ஆங்... சிரிங்க!"

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் கடற்கரைக் கோட்டைகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. மணல், அலை, பழைய சுவர், புது ஜோடி. ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு வேறென்ன வேண்டும்?

படம் எடுப்பவர் காமிராவில் கண்ணை வைத்தபடியே உதவிப் பையனிடம் சொல்வார்: "டேய், அந்தக் கல்லுக் குவியல் படத்துல விழுதுடா. ஜோடியை இந்தப் பக்கம் நகர்த்து."

ஜோடி நகரும். கல் குவியல் படத்திலிருந்து மறையும். படம் ஜோராக வரும்.

ஆனால் அந்தக் கல் குவியல்தான் இங்கே விஷயமே!

கல் ஏன் வந்தது?

கடற்கரையில் யாரும் வேடிக்கைக்காகப் பாறாங்கல்லைக் கொட்டுவதில்லை. கடல் நிலத்தைத் தின்கிற இடத்தில்தான் கொட்டுவார்கள். வீட்டில் திருடன் புகுந்த பிறகு ஜன்னலுக்குக் கம்பி போடுவது மாதிரி.

தரங்கம்பாடியில் கடல் பல நூறு ஆண்டுகளாக இந்தத் திருட்டைச் செய்து வருகிறது. ஒரே நாளில் கொள்ளை அடித்துக்கொண்டு ஓடுகிற திருடன் அல்ல இது. தினம் ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு போகிற திருடன். 26-12-2004 அன்று காலை சுனாமியாக வந்தபோது மட்டும் ஒரே அடியில் ஊரைப் புரட்டிப் போட்டது. மீனவர் குடும்பங்களில் அந்தக் காலையின் வடு இன்னும் ஆறவில்லை.

திருட்டு நடந்த வீட்டுக்குப் போலீஸ் வந்தால் முதலில் செய்வது என்ன? போட்டோ எடுப்பார்கள். பீரோ எங்கே இருந்தது, பூட்டு எப்படி உடைந்தது, எல்லாம் படத்தில் பதிவாகும். பிறகுதான் மற்ற விசாரணை.

இங்கேயும் தினமும் போட்டோ எடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் பீரோ உடைந்த பக்கத்தை விட்டுவிட்டு, சாமி படம் மாட்டிய சுவரை மட்டும் எடுத்தால் எப்படி?

கோட்டை வந்த கதை

கோட்டையின் பெயர் டேன்ஸ்போர்க். ஊர் மக்களுக்கு 'டேனிஷ் கோட்டை' என்றால்தான் தெரியும். 1620-ம் ஆண்டு டென்மார்க் கடற்படைத் தளபதி ஓவே கெட்டே கட்டத் தொடங்கியது. தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தார். ஒப்பந்தம் நடந்த தேதி 20-11-1620. அந்தக் காலத்தில் நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய தங்க ஓலை இன்றும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம் ஊர் பத்திரம், நல்லவேளை, கடல் எட்டாத இடத்தில் இருக்கிறது.

ஒப்பந்தத்துக்கு முந்திய கதை சினிமாவை மிஞ்சும். முன்னோட்டம் பார்க்க வந்த டேனிஷ் கப்பல் ஒன்றை காரைக்கால் அருகே போர்ச்சுக்கீசியர்கள் மடக்கித் தாக்கினார்கள். கப்பல் போய்விட்டது. ரோலண்ட் கிராப்பே என்பவரும் அவரோடு சிலரும் உயிர் தப்பிக் கரை ஏறினார்கள். பிடிபட்டு நாயக்கர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்கள். கைதியாகப் போனவர், காரியத்தைச் சாதித்துக்கொண்டார்!

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது நின்றுபோய், 1655-க்குப் பிறகு கோட்டையில் மிஞ்சியது ஒரே ஒரு டேனிஷ்காரர். பெயர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு 1669-ல் சொந்த நாட்டுக் கப்பல் வரும் வரை கோட்டையை விடாமல் காத்தார். பதினாலு வருஷம், மாற்றுக்கு ஆள் வராத டியூட்டி!

1845-ம் ஆண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும், வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பிரிட்டிஷ்காரர்களுக்கு 12½ லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். அத்தோடு துறைமுகத்தின் மவுசும் போனது.

கோட்டை பிறகு அதிகாரிகள் தங்கும் பங்களாவாக இருந்தது. 1970-களின் கடைசியில் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. இப்போது உள்ளே அருங்காட்சியகம் நடக்கிறது. 2000-க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து வந்த ஆர்வலர்களின் உதவியோடு பழுது பார்க்கும் வேலையும் நடந்தது.

டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைகளில் பெரியது டென்மார்க்கிலேயே இருக்கும் குரோன்போர்க். ஷேக்ஸ்பியர் தன் 'ஹாம்லெட்' நாடகக் கதையை நடத்தியது அந்தக் கோட்டையில்தான். அதற்கு அடுத்தபடி பெரியது நம் தரங்கம்பாடிக் கோட்டை என்று சொல்வார்கள்.

வெளிச்சம் எப்போ விழும்?

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இது முக்கியம். கோட்டைக்குக் கிழக்கே கடல். எனவே காலையில் எழும் சூரியன் கடல் பக்கத்துச் சுவரில்தான் நேராக அடிக்கும். அந்த அரை மணி நேரம் சுவர் பொன் மாதிரி மின்னும். அப்போது ஊர்ப் பக்கம் நின்று எடுத்தால் கோட்டை கறுப்பு நிழலாகத்தான் வரும். அதுவும் ஒரு அழகுதான், ஆனால் கோட்டையின் முகம் தெரியாது.

சாயங்காலம் நிலைமை தலைகீழ். ஊர்ப் பக்கத்துச் சுவரில் வெயில் சாய்ந்து விழும். செங்கல் வரிசை, சாந்து பெயர்ந்த இடம், விரிசல் எல்லாம் கைரேகை மாதிரி தெரியும். உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் வெளுத்துப்போய் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

அருங்காட்சியகத்தின் கதவு திறக்கும் நேரத்துக்குள் காலை வெளிச்சம் போய்விடும். அதனால் விடியற்காலைப் படம் எல்லாம் வெளியே நின்று எடுப்பதுதான். உள்ளே போனால் வளைந்த கூரை கொண்ட அறைகள். நடுக்கூடத்தில் மேலே இருக்கும் கவிகைகளின் பாரத்தை நடுவில் நிற்கும் ஒரு தூண் வாங்கிக்கொள்கிறது. கீழ்த்தளத்தில் சரக்கு அறைகளும் சிறையும் இருந்தன. மேலே கவர்னரும் பாதிரியாரும் இருந்தார்கள். கீழே கைதி, மேலே கவர்னர், நடுவில் ஒரு கூரைதான்!

கடற்கரையில் காமிராவுக்கு எதிரி உப்புக் காற்று. கண்ணுக்குத் தெரியாத சாரல் லென்சில் படிந்துவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படமும் புகை மூட்டமாக இருக்கும். சட்டை நுனியால் துடைத்தால் மணல் துகள் லென்சைக் கீறிவிடும். முதலில் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். செல்போனுக்கும் இதே வைத்தியம்தான்.

காணாமல் போன பொருட்கள்

இனி வழக்குக்கு வருவோம். திருட்டுப் போனவை என்ன?

கோட்டையைச் சுற்றி ஒரு காலத்தில் அகழி இருந்தது. அதைத் தாண்டத் தூக்குப் பாலம் இருந்தது. இன்று இரண்டும் இல்லை. இதில் கடலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மனிதர் தூர்த்ததும் உண்டு, காலம் தூர்த்ததும் உண்டு.

கடலோரத்தில் ஊரைக் காத்த மதில் எங்கே? அலை இழுத்துக்கொண்டு போகும்போது கோட்டைக்கு எதிரே மணலில் தலைகாட்டும் செங்கல் மிச்சங்களைப் பார்த்தால் பதில் தெரியும். காலில் முள் குத்தினால் பார்க்கிறோம், செங்கல் இடறினால் யார் பார்க்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலாக மாசிலாமணிநாதர் கோவில். கோட்டைக்கு வடக்கே, கடலை ஒட்டி நிற்கிறது. 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டிய மன்னர் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோவில். அங்குள்ள கல்வெட்டில் இந்த ஊரின் பெயர் 'சடங்கன்பாடி' என்றும் 'குலசேகரபட்டினம்' என்றும் வருகிறது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 வருஷத்துக்கு முன்பே ஊர் பெரிய ஊராக இருந்ததற்கு அதுதான் சாட்சி. அந்தக் கோவிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியதைக் காப்பாற்றத்தான் கல்லைக் கொட்டினார்கள்.

சாமிக்கே இந்தக் கதி என்றால் கவர்னர் எம்மாத்திரம்?

காமிரா இல்லாத காலத்துச் சாட்சி

கோட்டை முன்னே எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் ஸ்கூக்ளோஸ்டர் என்ற அரண்மனை உண்டு. அங்கே தொங்குகிறது 1650-களைச் சேர்ந்த ஒரு வண்ண ஓவியம். தரங்கம்பாடிக் கோட்டையும் கடற்கரையும் அதில் இருக்கின்றன. மேலே சொன்ன ஒற்றை ஆள் கோட்டையைக் காத்த காலத்துப் படம்!

ஓவியக்காரர் கொஞ்சம் கூட்டியும் வரைந்திருப்பார், குறைத்தும் வரைந்திருப்பார். கப்பலைப் பெரிதாகவும் அலையைச் சின்னதாகவும் போடுவது அவர்கள் வழக்கம். என்றாலும், அந்த ஓவியத்தையும் பழைய டேனிஷ் வரைபடங்களையும் இன்றைய கரையோடு வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று யோசிக்கவே முடிகிறது.

காமிரா வந்த பிறகு கதை மாறியிருக்க வேண்டும். கூட்டி வரையாத, குறைத்து வரையாத சாட்சி அல்லவா? ஆனால் காமிரா வைத்திருப்பவர் கல் குவியலை ஒதுக்கிவிடுகிறார்.

காமிராவும் பொய் சொல்லும்

'போட்டோ பொய் சொல்லாது' என்பார்கள். நன்றாகச் சொல்லும்!

தூரத்தில் நின்று பெரிய லென்ஸ் போட்டு இழுத்து எடுங்கள். அலை கோட்டைச் சுவரிலேயே வந்து மோதுவது போல இருக்கும். பார்த்தவர்கள் பதறிப்போவார்கள். அதே இடத்துக்குப் பக்கத்தில் போய், அகலமாகப் பிடிக்கும் லென்சில் எடுங்கள். கடல் எங்கேயோ அடிவானத்தில் ஒதுங்கி, நடுவில் மைதானம் மாதிரி மணல் தெரியும். இரண்டும் ஒரே நாள், ஒரே கடல். முதல் படத்தை வைத்து "கோட்டை விழப்போகிறது" என்று ஒருவர் பரபரப்பு கிளப்பலாம். இரண்டாவது படத்தை வைத்து "ஒன்றும் ஆபத்தில்லை" என்று இன்னொருவர் கோப்பை மூடலாம்.

பருவமும் ஏமாற்றும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் சீறும், மணலை அள்ளிக்கொண்டு போகும். கோடையில் கொஞ்சம் மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். ஏப்ரல் மாதப் படத்தையும் டிசம்பர் மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "எட்டே மாதத்தில் கரை போச்சு" என்று கூச்சல் போட்டால் கேஸ் நிற்காது.

அப்படியானால் நிற்கிற படம் எது? ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து, வருஷா வருஷம் அதே மாதத்தில் எடுத்த படம். படத்தில் நகராத பொருள் ஒன்று கட்டாயம் விழ வேண்டும். கோட்டையின் மூலைக் கொத்தளம் போதும். அதை வைத்துத்தான் அலை எங்கே நின்றது என்று அளக்க முடியும். மணலும் அலையும் மட்டும் உள்ள படம் எந்த ஊர்க் கரை என்று கடவுளுக்கே தெரியாது.

சிட்னியில் போட்ட கம்பம்

ஆஸ்திரேலியாவில் இதைச் சுலபமாகச் செய்துவிட்டார்கள். 2017-ம் ஆண்டு சிட்னி நகரத்துக் கடற்கரைகளில் ஒரு கம்பம் நட்டு, அதன் மேல் செல்போன் வைக்க ஒரு தொட்டில் மாட்டினார்கள். காற்று வாங்க வருகிறவர்கள் போனை அதில் வைத்து ஒரு 'கிளிக்', அனுப்பிவிட்டுப் போகலாம். எல்லாப் படமும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் விழும். எடுத்தவருக்குப் போட்டோ கலை தெரிய வேண்டியதில்லை. விஞ்ஞானிகள் அந்தப் படங்களை வரிசையாக வைத்துக் கரை எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். திட்டத்தின் பெயர் 'கோஸ்ட் ஸ்னாப்'. பிறகு வேறு பல நாட்டுக் கரைகளுக்கும் இது பரவியது.

ஒரு இரும்புக் கம்பம், ஒரு தகடு. அவ்வளவுதான் செலவு. கோட்டை எதிரே ஒன்று, கோவில் பக்கத்தில் ஒன்று நட்டால் போதும். பார்க்க வருகிற கூட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். அலங்கார விளக்குக் கம்பம் நடக் காசு கிடைக்கிற ஊரில் இதற்குக் கிடைக்காதா என்ன?

மெரினாவைக் கேளுங்கள்

"தரங்கம்பாடிக் கடல் எங்களுக்கென்ன?" என்று சென்னை வாசகர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். நம் கிழக்குக் கரையில் அலை வருஷத்தில் பெரும்பாலும் மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். அந்த மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மணல் வராமல் கரை அரித்தது. இன்று மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நாம் நடக்கிற மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குப் போயிருக்க வேண்டியது!

ஆக, கடல் மட்டும் தனியாகத் திருடுவதில்லை. பல இடங்களில் உள்கையும் உண்டு. ஓர் இடத்தில் கல்லைக் கொட்டிக் காப்பாற்றினால் அடுத்த இடத்தில் கடல் கை வைக்கும் என்பதும் கரையோர மக்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

மத்திய அரசின் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கு எடுத்தது. இந்தியக் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருக்கிறது என்பது முடிவு. தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம்! வானத்திலிருந்து எடுத்த படமும் போட்டோதான். ஆனால் அதில் ஒரு கோவில் வாசற்படி போனது தெரியாது. அதற்குக் கீழே நிற்கிற மனிதன் எடுத்த படம் வேண்டும்.

தேதி இல்லாத படம்

படம் எடுத்துவிட்டோம். அடுத்து என்ன செய்கிறோம்? 'வாட்ஸ்அப்'பில் மாமாவுக்கும் மச்சானுக்கும் அனுப்புகிறோம். அங்கேதான் கோளாறு.

செல்போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம் பதிவாகி இருக்கும். இட வசதியைத் திறந்து வைத்திருந்தால் எடுத்த இடமும் இருக்கும். 'வாட்ஸ்அப்'பில் படமாக அனுப்பினால் அந்த விவரமெல்லாம் கழன்றுவிடும், படமும் சுருங்கிவிடும். சாட்சி பெயர், விலாசம் இல்லாத அனாதை ஆகிவிடுகிறார். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் விவரம் அப்படியே போய்ச் சேரும்.

கோர்ட்டுக்குப் போகிற வழக்கானால் இன்னும் கண்டிப்பு. 1-7-2024 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் படத்தைச் சாட்சியமாகக் கொடுக்க அதற்கான சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முன்பு 65-பி என்று வக்கீல்கள் சொல்லிக்கொண்டிருந்த அதே சமாச்சாரம்தான். அதனால் அசல் படத்தை அசலாகவே வைத்திருப்பது நல்லது. வானத்தை நீலமாக்கி, கல்லை அழித்து, அழகு பண்ணியது ஆல்பத்துக்கு. அசல் தனியாக இருக்கட்டும்.

கீறுகிறவர்களும் வழுக்குகிறவர்களும்

படம் எடுக்க வருகிறவர்களில் சிலர் செய்கிற வேலை கடல் செய்வதைவிட மோசம். சாவியால் சுவரில் பெயரைக் கீறி, இதயம் போட்டு, அம்பும் விட்டு, அதன் பக்கத்தில் நின்று ஒரு படம்! பழமையான சின்னங்களைப் பாதுகாக்க 1966-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. சுவரில் கீறியது யார் என்று கண்டுபிடிக்க போலீசுக்குக் கஷ்டமே இல்லை. பெயரை அவர்களே எழுதிவிட்டுப் போகிறார்கள்!

தொழில் முறையில் படம் எடுக்கிறவர்கள் கோட்டைக்குள் போவதற்கு முன் தொல்லியல் துறையிடம் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளே போய் விளக்கை மாட்டிய பிறகு காவலாளியோடு சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. டிரோன் பறக்க விடுகிறவர்கள் 2021-ம் ஆண்டு டிரோன் விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பறக்கலாமா கூடாதா என்பதை அரசின் வரைபடத்தில் நிறம் போட்டே காட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது பாறை. அலை நனைத்த கல்லில் பாசி படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். "இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்கிறவர் காமிராவுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னாடி போகிறவர் காமிராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அலையை யார் பார்ப்பது? நாலு சின்ன அலை வந்ததென்று நம்பி நின்றால் ஐந்தாவது பெரிதாக வரும். பட்டுப்புடவை நனைந்தால் எத்தனை கனம் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். கல்லின் மேல் ஏறாமலே, மணலில் நின்று எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும்.

போகிற வழி

தரங்கம்பாடி முன்பு நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. 2020-ல் புது மாவட்டம் பிறந்தபின் மயிலாடுதுறை மாவட்டம். மயிலாடுதுறை வரை ரெயில், அங்கிருந்து பஸ். சுமார் 30 கிலோ மீட்டர். காரைக்காலிலிருந்து வந்தால் அதில் பாதி. 1926-ல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ரெயில் விட்டார்கள். 1986-ல் நிறுத்திவிட்டார்கள். கடல் கொண்டுபோகாமலே காணாமல் போன பொருள் அது ஒன்று!

ஊருக்குள் நுழையும்போது 1792-ல் கட்டிய நுழைவாயில் இருக்கிறது. அதைத் தாண்டினால் ராஜ வீதி, நேராகக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். வழியில் சீகன்பால்கு கட்டிய புது எருசலேம் ஆலயம். 1718-ம் ஆண்டுக் கட்டிடம். தமிழில் பைபிள் அச்சடித்த அதே சீகன்பால்குதான்.

அலமாரியில் கிடக்கும் சாட்சி

இதையெல்லாம் இனிமேல் எடுக்கப் போகிற படத்துக்குச் சொன்னோம். ஏற்கனவே எடுத்த படங்கள் எங்கே?

நம் வீடுகளில்தான் இருக்கின்றன! 'அக்பா கிளிக்' காமிரா காலத்தை ஞாபகம் இருக்கிறதா? ஒரு பிலிமில் 12 படம். ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்து எடுத்த காலம். பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி என்று குடும்பத்தோடு ஒரு சுற்று வந்தால், கோட்டை முன்னால் வரிசையாக நிற்க வைத்து ஒரு படம் கட்டாயம் எடுத்திருப்பார்கள். தாத்தா வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாட்டிக்கு வெயில் கண்ணைக் கூசும். குழந்தை ஒன்று அழுதுகொண்டிருக்கும்.

அவர்களுக்குப் பின்னால் கோட்டையின் மூலை தெரியும். அதற்கு அப்பால் எவ்வளவு மணல் இருந்தது, எங்கே அலை இருந்தது என்பதும் தெரியும். 1960-களிலும் 70-களிலும் கரை எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எடுத்தவருக்கு அந்த நினைப்பே இருந்திருக்காது. அதனால்தான் கல்லையும் ஒதுக்கவில்லை, மண்ணையும் ஒதுக்கவில்லை.

பழைய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, நெகட்டிவ் பெட்டிகள் குப்பைக்குப் போகின்றன. வீட்டிலும் வெள்ளை அடிக்கும்போது பரணிலிருந்து ஆல்பம் இறங்குகிறது. கறையான் அரித்தது, படம் மங்கியது என்று பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுகிறது.

தட்டில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு படத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கும். பென்சிலில் மாசமும் வருஷமும் எழுதியிருக்கும்.